காதுக்குள் செருகும் விமான ஹெட்செட்: வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒற்றை பிஸ்டன் இன்ஜின் பயிற்சி விமானத்தில் பறக்கிறேன். காதை மூடும் ஹெட்செட் ஒரு மணி நேரத்தில் தலையை நெரிக்கிறது. மூக்குக் கண்ணாடி வேறு. காதுக்குள் செருகும் வகைக்கு மாறலாமா? விலை உயர்ந்த, மின்னணு இரைச்சல் குறைப்பு உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: மாறலாம். நீங்கள் கண்ணாடி அணிகிறீர்கள் என்ற ஒரு காரணமே அதற்குப் போதும். காதை மூடும் ஹெட்செட்டின் மெத்தை தோலோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். கண்ணாடியின் காம்பு நடுவே புகுந்தால் ஓர் இடுக்கு விழுகிறது. அதன் வழியே இன்ஜினின் அடித்தொண்டை உறுமல் உள்ளே வந்துவிடுகிறது. காதுக்குழலுக்குள் செருகும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. தலையை இறுக்குவதும் இல்லை, வெயிலில் காது புழுங்குவதும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் பணத்தை மிச்சப்படுத்தும். இந்தச் சந்தையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கிளாரிட்டி அலாஃப்ட் போன்றவை நுரை முனையால் காதுக்குழலை அடைத்தே இரைச்சலைத் தடுக்கின்றன; பேட்டரி தேவையில்லை. போஸ் ப்ரோஃப்ளைட் போன்றவை மின்னணு முறையில் இரைச்சலுக்கு நேரெதிரான ஒலி அலையை உருவாக்கி இரைச்சலைக் குறைக்கின்றன. விலை அதிகம் என்பதால் இரண்டாவது வகை உங்களுக்கு உகந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரோஃப்ளைட் ஜெட் விமானம் போன்ற, இரைச்சல் மிதமான காக்பிட்டுக்காகச் செய்யப்பட்டது. பிஸ்டன் இன்ஜினுக்குப் பின்னால் உட்காருபவருக்கு, காதில் சரியாகப் பொருந்திய சாதாரண நுரை முனையே மேல் என்பது என் கருத்து.

இதில் ஏன் இவ்வளவு கறார்? பணியிட ஆரோக்கியத்துக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையோஷ், 85 டெசிபல் இரைச்சலை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிடம். பிஸ்டன் விமானக் காக்பிட் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரைச்சல் குறைப்பு எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது ஆய்வகத்தில் எடுத்த அளவு. அந்த எண்ணிலிருந்து காதை மூடும் வகைக்குக் கால் பங்கையும், உருட்டிச் செருகும் நுரைக்குப் பாதியையும் கழித்துக்கொள்ளச் சொன்னது இதே நையோஷ். நுரைக்கு ஏன் பாதி? பெரும்பாலானோர் அதைச் சரியாகச் செருகுவதில்லை. அடுத்த கடிதம் அதற்குச் சாட்சி.

வாங்கும் முன் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். சிறிய விமானங்களில் இரட்டைப் பிளக்: கேட்பதற்கு 6.35 மில்லிமீட்டர், மைக்குக்குச் சற்று மெலிந்தது. ஹெலிகாப்டருக்கு ஒற்றைப் பிளக், ஏர்பஸ்ஸில் ஐந்து முள் இணைப்பு. விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள் என்றால், அவர்கள் எந்த மாடல்களை அனுமதிக்கிறார்கள் என்று கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி: புகழ்ந்து பேசப்பட்ட மாடலை வாங்கினேன். இன்ஜின் சத்தம் துளியும் குறையவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இன்ஜின் ஓடும்போது இரு உள்ளங்கைகளாலும் காதுகளை நன்றாகப் பொத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் முனை சரியாக அடைக்கவில்லை என்று பொருள். பெரிதாக மாற்றம் இல்லை என்றால் நன்றாகவே அடைத்திருக்கிறது.

நுரையைச் சுருக்கம் விழாமல் மெல்லிய உருளையாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுக்குழல் நேராகும். உள்ளே செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். இந்த அரை நிமிடத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். குளிரில் நுரை விறைத்து விரியாது. கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒன்றுக்கு நடுத்தர முனையும் மற்றதற்குச் சிறியதும் பொருந்தலாம். சரியாகச் செருகியிருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள் பேசுவதுபோல் கனமாகக் கேட்கும். அது கோளாறு இல்லை. முனை பழையதாகி, அழுத்தினால் மெதுவாக மீளாமல் சட்டென்று மீண்டால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் என் குரல் தெளிவாக இல்லை என்கிறார். மைக் பழுதா?

பதில்: மைக் உதட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்த மைக்குகள் மிக அருகிலிருந்து வரும் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டவை. ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மோவாய்க்குக் கீழே தொங்கினால் உங்கள் குரலும் இரைச்சலும் அதற்கு ஒன்றுதான். குறியிட்ட பக்கம் உதட்டைப் பார்க்கட்டும். வார்த்தையின் முதல் எழுத்து விழுங்கப்பட்டால் இன்டர்காமின் (விமானத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும் வசதி) ஸ்குவெல்ச்சை, அதாவது யாரும் பேசாதபோது மைக்கை அடைத்து வைக்கும் அமைப்பை, சரிசெய்யுங்கள்.

இன்டர்காமில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நன்றாகக் கேட்டு, கோபுரத்துக்கு மட்டும் கேட்கவில்லையா? ஹெட்செட் குற்றமற்றது. பேசுவதற்கு அழுத்தும் பொத்தானையும் ரேடியோத் தேர்வையும் பாருங்கள்.

கேள்வி: ஒரு காதில் மட்டும் கேட்கிறது. பழுதுபார்க்க அனுப்பலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். மோனோ, ஸ்டீரியோ என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். மோனோ இணைப்புள்ள விமானத்தில் ஸ்டீரியோவில் வைத்திருந்தால் ஒரு காது ஊமையாவது இயல்பு. பிறகு முனையின் துளையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒலியை மெல்லிய குழாய் வழியே காதுக்குக் கொண்டுவரும் மாடல்களில் வியர்வை ஈரம் தேங்கினாலும் சத்தம் மங்கும்.

அதன்பின் ஹெட்செட்டை வேறு இருக்கையின் ஜாக்கில் செருகுங்கள். பழுது ஹெட்செட்டோடு வந்தால் அனுப்புங்கள். அதே இருக்கையில் தங்கிவிட்டால் அது விமானத்தின் ஜாக், பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். பல நேரம் பிளக் கடைசிவரை உள்ளே போகாததுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: இறங்கும்போது காது வலிக்கிறது. நுரை முனை காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். காதுக்குழல் இறுக அடைபட்டிருந்தால் கீழே வரும்போது ஏறும் வெளிக்காற்றின் அழுத்தம் செவிப்பறையின் வெளிப்பக்கத்தை எட்டாது. இறக்கம் தொடங்கும் முன் முனையைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள், பிடுங்க வேண்டாம். சளி பிடித்திருந்தால் வலியின் காரணம் நடுக்காதாகவும் இருக்கக்கூடும். அந்த நிலையில் பறக்கவே வேண்டாம். வலி தொடர்ந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பழையதை வாங்கலாமா?

பதில்: முனைகளும் மைக்கின் நுரை உறையும் புதிதாக இன்னும் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கிடைத்தால், விமானத்திலேயே செருகி, கேபிள் பிளக்கில் சேரும் இடத்தை வளைத்துக்கொண்டே பேசிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.