பிள்ளை வந்தபின் எல்லாமே ஆபத்தாகத் தெரிவது பயந்த சுபாவமா?

"பிள்ளை பிறந்ததிலிருந்து கிணறு, படி, வெந்நீர், படலையில் நிற்கும் அந்நியர் என்று எல்லாமே ஆபத்தாகத் தெரிகின்றன, கணவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார், இது இயல்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்பிள்ளையோடு பகல் முழுவதும் தனியே வீட்டில் இருப்பவர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். இது இயல்புதான். இதைக் கோழைத்தனம் என்பவர்களுக்கு மறுமொழி சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு என்றும் கருதுகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை செய்பவள். முகமாலை மண்ணில் முழங்காலில் இருந்து, முகத்தை மறைக்கும் வைசருக்குள் வியர்த்தபடி, டிடெக்டர் ஒலித்த இடத்தைச் சிறிது சிறிதாகக் கிளறி மிதிவெடி எடுத்திருக்கிறேன். அங்கே என் கை நடுங்கியதில்லை. துப்புரவு செய்த நிலம் எது, செய்யாத நிலம் எது என்று அங்கே தடி நட்டுப் பிரித்திருப்பார்கள். எதன் பின் எதைச் செய்வது என்பதற்கு விதி உண்டு. களைத்தால் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும்.

என் தங்கை பிள்ளை பெற்ற சில கிழமைகளில் கடும் நோயுற்று, நீண்ட காலம் வெளியூரில் சிகிச்சை பெற வேண்டியவளானாள். கைக்குழந்தை என்னிடம் வந்தாள். நான் பிள்ளை பெற்றவள் அல்லள்; திருமணமும் செய்யவில்லை. ஆயினும் மீள்குடியேறிய நாள் முதல் கண்ணை மூடிக்கொண்டு நடந்து திரிந்த எங்கள் வளவு, அவள் வந்தபின் எனக்கு வேறொரு வளவாகத் தெரிந்தது. கிணற்றின் கட்டு இவ்வளவு உயரம் குறைந்தது என்பதை அப்போதுதான் கண்டேன். வாழ்நாள் முழுவதும் பாயை விரித்து நிலத்தில் படுத்தவள், கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் உறங்குபவர்களைக் கடிப்பதையும், அந்தக் கடி பல வேளைகளில் நோவதே இல்லை என்பதையும் நினைத்து, கடனுக்கு ஒரு கட்டில் வாங்கினேன். நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே சொருகிய பின்னும் கையால் தடவிப் பார்ப்பேன். அவள் தவழத் தொடங்கியபோது, குசினி நிலத்தில் கிடக்கும் புளியங்கொட்டைகூட என் கண்ணுக்குத் தப்பவில்லை.

மோட்டார் சைக்கிளில் துணி விற்க வருபவர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளாகத் தெரிந்த, மெலிந்த, மரியாதையான மனிதர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கையில் அவர் படலையைத் திறந்தால், முன்னைவிட உயரமானவராக எனக்குத் தோன்றியது. இதைச் சொன்னால் நகைப்பார்கள் என்று நான் எவரிடமும் சொல்லவில்லை. பின்னர்தான், டானியல் ஃபெஸ்லர், கொலின் ஹோல்புரூக் முதலிய ஆய்வாளர்கள் 2014 இல் இதையே ஆராய்ந்து வெளியிட்டிருப்பதை அறிந்தேன். அச்சுறுத்தும் ஆண் ஒருவனைக் கற்பனை செய்யச் சொன்னால், பெற்றோராக இருப்பவர்கள் மற்றவர்களைவிட அவனைப் பெரிய உடற்கட்டு உடையவனாகவே கற்பனை செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

"2009 ஐக் கண்டவர்களுக்கு எல்லாம் பயமாகத்தான் இருக்கும், இது போர் தந்த வடு" என்று சிலர் எழுதுவார்கள் என்பது தெரியும். அந்த வடுவை நான் மறுக்கவில்லை. அது எனக்குத் திடீர்ச் சத்தங்களிலும் கூட்டத்திலும் வரும். இது அதுவன்று. இது கிணற்றுக்கு மூடி போட வைத்தது, மண்ணெண்ணெய்ப் போத்தலை உயரத்தில் ஏற்றியது, வேலை முடிந்ததும் அடங்கியது.

எனக்குப் பொறுக்காத பேச்சு வேறு. "பெற்றவளுக்குத்தான் அந்தத் துடிப்புத் தெரியும்" என்று என் அம்மாவே சொன்னார். வேலையிடத்தில் விடுமுறை கேட்டபோதும், 84 நாள் மகப்பேற்று விடுமுறை, பிள்ளை பெற்றவர்களுக்கே உரியது என்ற பதில்தான் வந்தது, சம்பளமின்றி நின்றேன். இரவெல்லாம் விழித்துக் குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் இதை எப்படி ஏற்றுக்கொள்வாள்? இஸ்ரேலில் எயால் ஆபிரகாம், ரூத் ஃபெல்ட்மன் ஆகியோரின் குழு முதன்முறை பெற்றோரானவர்களை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட முடிவு எனக்கு ஆறுதலாக இருந்தது. தாயின் துணையின்றிக் கைக்குழந்தையை வளர்க்கும் ஆண்களின் மூளையில், ஆபத்தை உணர்வதில் பங்குகொள்ளும் அமிக்டலா என்ற பகுதி, வளர்க்கும் தாய்மாருக்கு இயங்குவது போலவே மிகுதியாக இயங்கியது. தந்தைமார் பராமரிப்பில் செலவிட்ட நேரம் கூடக் கூட, அந்தப் பகுதிக்கும் பிறர் மனநிலையை அறிய உதவும் மற்றொரு பகுதிக்கும் இடையிலான தொடர்பும் வலுவாக இருந்தது. ஓர் ஆய்வு எல்லாவற்றையும் நிறுவிவிடாது என்பது உண்மை. ஆனால் எங்கள் வீட்டிலும் நான் கண்டது அதுவே. தங்கை குணமாகி வந்த புதிதில், கட்டிலையும் வலையையும் பார்த்து "அக்கா, இவ்வளவு வேணுமா?" என்று கேட்டாள். அவள்தான் பெற்றவள். பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில கிழமைகள் தனியே பார்த்த பின், கிணற்று மூடியை எந்தக் கம்மாலையில் செய்வித்தேன் என்று அவளே தொலைபேசியில் கேட்டாள்.

ஆகவே உங்கள் கணவரோடு வாதிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் மாலை வரை பிள்ளையை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். நீங்கள் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போங்கள், இடையில் தொலைபேசி எடுக்காதீர்கள். ஒரு நாளில் மாற்றம் வராது, தொடர்ந்து செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பின்னும் பயம் அடங்காமல், பிள்ளை உறங்கும்போதுகூட உங்களுக்கு உறக்கம் வராமல், வேண்டாத காட்சிகள் மனதில் திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், சொல்லுங்கள்.