கேட் (கணினி வரைபடம்) கேள்வி-பதில்: கடைசி அளவை ஏற்க மறுப்பது ஏன்?

கேள்வி: கப்பலூர் பட்டறை ஒன்றுக்கு மோட்டார் பேஸ் பிளேட் வரைகிறேன். நீளம் 300 மி.மீ., அகலம் 200. நீளவாக்கில் விளிம்பிலிருந்து ஓட்டை மையம் 40, ஓட்டைக்கு ஓட்டை 220, மறு விளிம்புக்கு 40. ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் கடைசி 40-ஐ வைத்தால் 'ஓவர் கன்ஸ்ட்ரெயின்' (கட்டு அதிகம்) என்கிறது. கூட்டினால் சரியாகத்தானே வருகிறது?
- வாசகர், திருநகர்

பதில்: கூட்டினால் சரியாக வருவதுதான் காரணம். 300, 40, 220 மூன்றும் இருந்தாலே மிச்சம் 40 தானாகக் கிடைத்துவிடும். அதையும் கட்டிவிட்டால், அதாவது மாறாதபடி கன்ஸ்ட்ரெயின்ட் போட்டால், நாளை 220-ஐ 230 ஆக்கும்போது எந்த அளவும் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் முன்கூட்டியே மறுக்கிறது.

எதை விடுவது? மோட்டார் காலோடு பொருந்த வேண்டியது 220. அதைத் தொடாதீர்கள். கேஸ் கட்டிங்கில் (வாயுச் சுடரால் தகடு வெட்டுவதில்) விளிம்பு மில்லிமீட்டர் கணக்கில் முன்னே பின்னே போவது சகஜம். ஆகவே கடைசி 40-ஐ விடுங்கள். எச்சரிக்கைப் பெட்டியிலேயே 'ரெஃபரன்ஸ்' அளவாக வைக்கும் வழி இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் வரும், எதையும் கட்டாது.

வெளிச்சட்டத்துக்கும் இதே கணக்கு. தனித்தனியாக வரைந்த நான்கு கோடுகளுக்குக் கோட்டுக்கு 4 வீதம் (இரு முனைக்கும் கிடை, செங்குத்து என இரண்டிரண்டு) 16 அசைவுகள். நான்கு மூலைக்கும் கோ-இன்சிடென்ட் (முனைகளை ஒன்றாக்கும் கட்டு) போட்டால் 8 போகும். இரண்டு ஹாரிசான்டல் (கிடை), இரண்டு வெர்டிகல் (செங்குத்து), அதில் 4. நீளம், அகலம் 2. ஒரு மூலைக்கு ஃபிக்ஸ் (இடம் நகராத கட்டு) 2. தீர்ந்தது. இதற்குமேல் போடும் பேரலல், ஈக்வல் எல்லாம் உபரி.

உபரி எங்கே என்று தெரியவில்லையா? பேராமெட்ரிக் டேபில் 'ஷோ ஆல்' கொடுத்து, ஒவ்வொரு சின்னத்தின் மேலும் மவுஸை வையுங்கள். அது பிடித்திருக்கும் கோடுகள் பளிச்சிடும். வேண்டாததை ரைட் கிளிக்கில் நீக்கலாம். அவசரப்பட்டு டெல்கன்ஸ்ட்ரெயின்ட் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த கோடுகளில் உள்ள எல்லாக் கட்டுகளும், அளவுக் கட்டுகள் உட்பட, போய்விடும்.

கேள்வி: நீளத்தை மாற்றினால் மூலை பிய்ந்துகொண்டு போகிறது. ஆப்ஜெக்ட் ஸ்னாப் போட்டுத்தான் வரைந்தேன்.
- வாசகி, மேலூர்

பதில்: ஸ்னாப் புள்ளியைத் தொட வைக்கும், சேர்த்துக் கட்டாது. வரையும்போதே கட்டு விழ வேண்டுமானால் 'இன்ஃபர் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' ஆன் ஆகியிருக்க வேண்டும். வரைந்து முடித்ததற்கு 'ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்' போதும். அதன் அமைப்பில் இயல்பாக உள்ள தூர டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) 0.05, கோணம் 1 டிகிரி. மூலை இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் பிடிக்காது. முதலில் ரேடியஸ் 0 வைத்து ஃபில்லெட் செய்து இரு கோடுகளையும் மூலையில் சந்திக்க வையுங்கள். வீட்டு பிளானை மீட்டரில் வரைகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: அங்கே 0.05 என்பது 5 செ.மீ.!

கேள்வி: எங்கள் ஆட்டோகேட் எல்டியில் (வசதிகள் குறைந்த பதிப்பு) ஹாரிசான்டல், பேரலல் பட்டன்களையே காணோமே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: எல்டியில் புதிதாக அந்தக் கட்டுகளைப் போட முடியாது, ஏற்கெனவே உள்ளதைப் பார்க்கலாம், நீக்கலாம். பழகிப் பார்க்க மட்டும் என்றால் காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளின் ஸ்கெட்சர் (வரையும் பகுதி) எடுங்கள். மோதும் கட்டுகளின் எண்ணையே அது சொல்லிவிடும்.