இரண்டு சூரியன்களைச் சுற்றும் கோள்களை விண்வெளித் தொலைநோக்கி எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேரில் பார்த்துத்தான் சொல்கிறார்களா?

பெரும்பாலும் நேரில் பார்ப்பதில்லை. விண்மீனின் வெளிச்சம் எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்ற எண்கள்தான் கையில் கிடைக்கும். மற்றதெல்லாம் அந்த எண்களிலிருந்து புரிந்துகொள்வது.

கெப்ளர் தொலைநோக்கியின் தரவை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். ஒரு விடுமுறை நாளில் கெப்ளர்-16 என்ற இரட்டை விண்மீனின் தரவை எடுத்து, அரை மணிக்கு ஒரு புள்ளி என்று வரைந்து பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டவை ஆழமான பள்ளங்கள். 41 நாளுக்கு ஒரு முறை வெளிச்சம் 13 சதவீதம் இறங்கி ஏறுகிறது. சிறிய விண்மீன் பெரியதை மறைக்கும் கிரகணம் அது. பெரியது சிறியதை மறைக்கும்போது 1.6 சதவீதம் இறங்கும். இரண்டும் நாள் தவறாமல் வருகின்றன. அப்புறம், கிரகணமே வர முடியாத ஓர் இடத்தில் 1.7 சதவீதப் பள்ளம் ஒன்று! ஏறக்குறைய சனி அளவுள்ள கோள் பெரிய விண்மீனின் குறுக்கே போன தடம் அது. ஆழத்தை மட்டும் பார்த்தால் இன்னொரு கிரகணம் என்றுதான் நினைப்போம். வந்த நேரம்தான் காட்டிக்கொடுத்தது. அதே கோள் சிறிய விண்மீனைக் கடக்கும்போது 0.1 சதவீதம்தான் குறையும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் தேடிப் பிடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இதைவிட அழகானது, அந்தக் கடப்புகளுக்கு இடையே உள்ள நாள்கணக்கு. ஒற்றை விண்மீனைச் சுற்றும் கோள் ஏறக்குறைய சமமான இடைவெளியில் கடக்கும். இங்கே முதல் இடைவெளி 230.3 நாள், அடுத்தது 221.5 நாள். காரணம், விண்மீனே ஓரிடத்தில் நிற்பதில்லை. கோள் ஒரு சுற்று முடித்து வரும்போது விண்மீன் வேறு இடத்துக்குப் போயிருக்கும். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் கடக்க நேரம் கூடும், எதிரெதிராக நகர்ந்தால் குறையும்.

சமமான இடைவெளியைத் தேடும்படி எழுதிய மென்பொருள் இதை எளிதில் கோட்டைவிட்டுவிடும். அதனால்தான் இந்த வேட்டையில் மனிதக் கண்ணுக்கு இன்னும் இடம் இருக்கிறது. 2012இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-64இன் கோளை, வரைபடங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் ஆர்வலர்கள். கெப்ளருக்குப் பின் வந்த டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் டிஓஐ-1338 என்ற இரட்டை விண்மீனின் கோளை 2019இல் முதலில் கவனித்தவர் உல்ஃப் குக்கியர். நாசாவின் கோடார்ட் மையத்துக்குப் பயிற்சிக்கு வந்த பள்ளி மாணவர், அதுவும் வந்து மூன்றே நாளில்.

தேடுவதைக் கடினமாக்கும் அதே ஒழுங்கின்மைதான் உறுதியான சாட்சியும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விண்மீன்களின் ஓட்டத்தோடு அச்சாகப் பொருந்தி இப்படி முன்பின்னாக வரும் பள்ளங்கள் தற்செயலாக அமைய வழியே இல்லை. கெப்ளர்-16இன் கோளின் ஈர்ப்பு அதன் விண்மீன்களின் கிரகண நேரத்தையும் லேசாக மாற்றுகிறது. அதிலிருந்துதான் அதன் நிறை வியாழனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார்கள்.

சரி, நேரடியாகப் பார்த்ததே இல்லையா? உண்டு. ஒரு ஜோடியை வெகு தொலைவில் சுற்றும் விஎச்எஸ் 1256 பி-யின் ஒளியை வெப் தொலைநோக்கி பிரித்துப் பார்த்து, மேகங்களில் சிலிக்கேட் துகள் இருப்பதை 2023இல் காட்டியது. ஆனால் அது கோளா, விண்மீனாகும் அளவு நிறை இல்லாத பழுப்புக் குள்ளனா என்ற எல்லையில் நிற்கும் பொருள்.

டெஸ் வானத்தின் ஒரு பகுதியைப் பொதுவாக 27 நாள்தான் தொடர்ந்து பார்க்கும். நூற்றுக்கணக்கான நாள் சுற்றும் கோளுக்கு அது போதாது. இந்த வேலைக்கு ஒரே இடத்தை வருடக்கணக்கில் பார்த்த கெப்ளர்தான் பொருத்தமானது என்பேன்.

அதுவும் சரியான காலத்தில் பார்த்தது. விண்மீன்களின் ஈர்ப்பு, கோளின் பாதைத் தளத்தையே மெல்லத் திருப்புகிறது. கெப்ளர்-16இன் கோள், நம் பார்வையில் சிறிய விண்மீனைக் கடப்பது 2014இலும் பெரியதைக் கடப்பது 2018இலும் நின்றுபோகும் என்று கணக்கு. கோள் அங்கேயேதான் சுற்றுகிறது. பிரான்சில் உள்ள ஒரு தரைத் தொலைநோக்கி, விண்மீனின் அசைவை வைத்து அதை மறுபடி உறுதிசெய்தது. ஆனால் பெரிய விண்மீனின் குறுக்கே அது திரும்ப வர 2042 வாக்கில் ஆகும். அதுவரை இந்த விண்மீனின் வெளிச்சத்தை யார் வரைந்தாலும் அந்த 1.7 சதவீதப் பள்ளம் இருக்காது; கிரகணங்கள் மட்டும் 41 நாளுக்கு ஒரு முறை வந்துகொண்டிருக்கும்.