'ஆமாம், ஆனா...' சொல்லும் கிளையன்ட்: மனநல ஆலோசகர்களுக்கான கேள்வி பதில்

எத்தனை யோசனை சொன்னாலும் ஆலோசனைக்கு வந்த ஒருவர் 'ஆமாம், ஆனா' என்று தட்டிவிடுகிறார். என்ன செய்ய?

யோசனை சொல்வதை நிறுத்துங்கள். குடியை விடலாமா என்று யோசிப்பவருக்குள் ஏற்கெனவே இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள், விடு என்கிற பக்கத்துக்கு நீங்கள் வாதாட ஆரம்பித்ததும் மிச்சமிருக்கிற பக்கத்தை அவர் எடுத்துக்கொள்வார். "குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்கிறார். "கல்லீரல் போயிடுமே" என்றால் தூக்கத்தின் அருமையைப் பத்து நிமிடம் கேட்க வேண்டியதுதான். "குடிக்காமப் படுத்தா தூக்கம் வராதோன்னு பயம், அதே நேரம் காலையில மக முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருக்குன்னும் சொல்றீங்க" என்று அவர் சொன்னதையே திருப்பிக் கொடுங்கள். நடுவில் 'ஆனால்' போடாதீர்கள், அது முன்பாதியை அழித்துவிடும். மகளைப் பற்றிய பேச்சு கடைசியில் வரட்டும், அவர் அடுத்துப் பேசுவது பெரும்பாலும் கடைசியாகக் காதில் விழுந்ததைப் பற்றித்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அதுதான் கஷ்டம்.

இப்படி மாற மறுக்கும் 'எதிர்ப்பு' கிளையன்டின் மனத்துக்குள் இருப்பது என்றுதானே படித்தோம்?

ஃப்ராய்டு 1895-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார், அந்தப் பார்வை இன்னும் நம்மை விடவில்லை. 1984-ல் சிகிச்சையாளர் ஸ்டீவ் டி ஷேசர் 'எதிர்ப்பின் மரணம்' என்றே தலைப்பு வைத்துக் கட்டுரை எழுதினார். மாறுவதற்கான காரணத்தைக் கிளையன்ட் வாயாலேயே வரவழைக்கும் 'ஊக்கமூட்டும் நேர்காணல்' முறையை உருவாக்கிய மில்லரும் ரோல்னிக்கும் தங்கள் நூலின் 2013 பதிப்பில் அந்தக் கருத்தையே கைவிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். "சிகரெட் இல்லாம வேலை ஓடாது" என்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிற பேச்சு, சாதாரணம். "நீங்க ஒரு நாளாவது சிகரெட் பிடிச்சிருக்கீங்களா?" என்பது உங்களோடு உரசல். இரண்டாவதற்கு விளக்கம் கொடுக்காதீர்கள், "கொஞ்சம் வேகமாப் போயிட்டேன் போல" என்று ஒப்புக்கொண்டால் பாதி சூடு தணியும்.

சில சமயம் உறைக்கிற மாதிரி சொன்னால்தானே திருந்துவார்கள்?

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன், இரண்டு பேர் வருவதையே நிறுத்திய பிறகுதான் உறைத்தது, எனக்கு. மில்லர் குழுவின் 1993 ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு அதிகம் மோதினாரோ அவ்வளவு அதிகமாகக் கிளையன்ட் ஓராண்டு கழித்தும் குடித்துக்கொண்டிருந்தார். முரண்டு பிடிப்பவரிடம்தான் ஆலோசகர் மோதியிருப்பார் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் 1985-ல் பேட்டர்சனும் ஃபோர்கட்சும் செய்த ஆய்வில், ஒரே அமர்வுக்குள் சிகிச்சையாளர்கள் போதிப்பதையும் மோதுவதையும் வேண்டுமென்றே கூட்டியபோது ஒத்துழையாமை ஏறியது, விட்டபோது இறங்கியது.

0 முதல் 10 வரை மாற்றம் எவ்வளவு முக்கியம் என்று கேட்டேன், '3' என்றார். மேலே எப்படிப் போவது?

"ஏன் 7 இல்லை?" என்றுதானே கேட்டீர்கள்? அது தடைகளைப் பட்டியல் போடச் சொல்வது. "ஏன் 0 இல்லை?" என்று கேளுங்கள், காரணம் அவர் வாயிலிருந்தே வரும்.

வீட்டார் இழுத்து வந்தவர், வாயே திறப்பதில்லை.

வந்ததில் அவருக்கு விருப்பமில்லை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பேசுவதில் எது வெளியே போகும், எது போகாது என்பதையும் தெளிவாக்குங்கள். பிறகு, "இவங்க உங்களை நச்சரிக்காம இருக்க என்ன நடக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள், அதில் பெரும்பாலும் ஏதாவது பதில் வரும்.

அடுத்த அமர்வுக்குள் வீட்டில் செய்துவரச் சொல்லும் ஹோம்வொர்க்கைச் செய்வதே இல்லை.

யார் யோசித்த ஹோம்வொர்க் அது? உங்களுடையது என்றால் தூக்கிப் போடுங்கள். அவருடையது என்றால் பாதியாகக் குறையுங்கள், எழுதச் சிரமப்படுகிறாரா, சோர்வில் எழுந்திருக்கவே முடியவில்லையா என்றும் விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பொறுமையாகப் பின்னால் போக வேண்டுமா?

இல்லை. உயிருக்கு ஆபத்து தெரிந்தால் நேரடியாகக் கேளுங்கள், பாதுகாப்பு ஏற்பாட்டை உடனே செய்யுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் பேசலாம்.