கிரியேட்டின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிரியேட்டின் பற்றியவை. தசைக்குப் பலம் கூட்ட ஜிம் போகிறவர்கள் வாங்கிக் குடிக்கும் சத்துப்பொடிதான் அது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கிரியேட்டினிலேயே மோனோஹைட்ரேட், எச்.சி.எல் (ஹைட்ரோகுளோரைடு), மாலேட், நைட்ரேட், எத்தில் எஸ்டர், பஃபர்டு என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

மோனோஹைட்ரேட்.

கேள்வி: எச்.சி.எல்-தான் லேட்டஸ்ட், உடம்பில் முழுசாகச் சேரும், கால் ஸ்கூப் போதும் என்கிறார் ஜிம் கோச். விலை அதிகம்தான், ஆனால் கொஞ்சம்தானே செலவாகும்?

எச்.சி.எல் தண்ணீரில் சட்டென்று கரையும். அது உண்மை. மோனோஹைட்ரேட் டம்ளர் அடியில் மணல் மாதிரி தங்கும். அதுவும் உண்மை. ஆனால் டம்ளரில் கரைவது வேறு, குடலில் சேர்வது வேறு. குடித்த மோனோஹைட்ரேட் கிட்டத்தட்ட முழுவதுமாகவே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. முழுசாகச் சேர்வதை விட அதிகமாக எப்படிச் சேரும்?

கணக்கு போட்டுப் பாருங்கள். 100 கிராம் மோனோஹைட்ரேட்டில் சுமார் 88 கிராம் கிரியேட்டின், மீதி தண்ணீர். 100 கிராம் எச்.சி.எல்-இல் சுமார் 78 கிராம் கிரியேட்டின், மீதி ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த அமிலம் நம் இரைப்பையில் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 750 மில்லிகிராம் எச்.சி.எல் போட்டால் 600 மில்லிகிராம் கிரியேட்டின்கூட உள்ளே போகாது. உடம்போ ஒரு நாளைக்குச் சுமார் 2 கிராமைக் கழிவாக்கி வெளியேற்றுகிறது. கால் ஸ்கூப் போதும் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மோனோஹைட்ரேட் வயிற்றைக் கலக்குகிறது என்றால் முதலில் அளவைப் பாதியாக்கி இரண்டு வேளையாகக் குடியுங்கள். நைசாக அரைத்த மைக்ரோனைஸ்டு வகையையும் பார்க்கலாம், அதுவும் மோனோஹைட்ரேட்தான். இரண்டுக்கும் வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் எச்.சி.எல் பக்கம் போகலாம். அப்போதும் மில்லிகிராமை எண்ணிப் போடுங்கள்.

கேள்வி: திரவ கிரியேட்டின் இரண்டு பாட்டில் வாங்கினேன். கலக்க வேண்டாம், நேராகக் குடிக்கலாம் என்றார்கள். இரண்டு மாதம் ஆகியும் எந்த மாற்றமும் இல்லை. கேட்டால் 'நீங்கள் சரியாக உடற்பயிற்சி செய்யவில்லை' என்கிறார் விற்றவர்.

உங்கள் உடற்பயிற்சியைக் குறை சொல்ல அவருக்கு வாய் எப்படி வந்தது என்று தெரியவில்லை. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நானும் ஏமாந்தவன்தான். பல வருடங்களுக்கு முன் சொட்டு மருந்து மாதிரி ஒரு குப்பியில் வந்ததை நாக்குக்கடியில் விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று கையை மடக்கி மடக்கிப் பார்த்திருக்கிறேன்.

கிரியேட்டின் பொடியாக இருக்கும்வரை வருடக்கணக்கில் கெடாது. தண்ணீரில் கரைந்து நின்றால் மெல்ல மெல்ல கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளாக மாறிவிடும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக மாறும். தொழிற்சாலையிலிருந்து லாரி, கிடங்கு, அலமாரி என்று சுற்றி வந்த பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் கலக்கி மாலைக்குள் குடிப்பதில் குற்றமில்லை. வாரக்கணக்கில் ஊறவைத்து விற்பதுதான் குற்றம்.

விற்றவரோடு வாய்ச்சண்டை வேண்டாம். பில்லையும், பேட்ச் எண் தெரியும்படி எடுத்த பாட்டில் படத்தையும் வைத்துக்கொண்டு தயாரிப்பாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அந்தப் பேட்ச்சின் ஆய்வகச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் அந்தக் கடிதப் போக்குவரத்தே நுகர்வோர் புகாருக்கு ஆதாரம்.

கேள்வி: 'ஐந்து வகை கிரியேட்டின் மேட்ரிக்ஸ்' என்று, பல வகைகளைக் கலந்த ஒரு டப்பா. ஒன்றுக்கு ஐந்து இருந்தால் நல்லதுதானே?

இந்த 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டப்பாவின் முன்பக்கம் படம். பின்பக்கம்தான் பேச்சு. அங்கே 'மேட்ரிக்ஸ் 5 கிராம்' என்று ஒரே வரி இருக்கும். அதன் கீழே ஐந்து பெயர்கள் இருக்கும், எது எவ்வளவு என்று இருக்காது. கேட்டால் தொழில் ரகசியம் என்பார்கள். சமையல்காரர் தன் மசாலாப் பக்குவத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சம்மதம். எடை போட்டு விற்கிறவர் எடையையே ரகசியம் என்றால் அதற்கு என்ன பெயர்? அந்த 5 கிராமில் பெரும்பகுதி சிட்ரேட்டாக இருக்கலாம். சிட்ரேட்டில் கிரியேட்டின் மூன்றில் இரண்டு பங்குதான், மீதி சிட்ரிக் அமிலம். சில டப்பாக்களில் டாரின், கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலங்களையும் அதே கூட்டுத்தொகைக்குள் நுழைத்துவிடுவார்கள். அப்புறம் ஸ்கூப்! ஒரு ஸ்கூப் 10 கிராம் என்று போட்டிருப்பார்கள். அதில் சர்க்கரை, புளிப்பு, நிறம், வாசனை எல்லாம் போக கிரியேட்டின் 2 கிராம் தேறும். வாங்கியவர் 10 கிராம் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு இருப்பார்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒரு வேளைக்குக் கிரியேட்டின் எத்தனை கிராம், அது தனி வரியில் இருக்கிறதா? இல்லையென்றால் டப்பாவை வைத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். சத்துப்பொடிகளைச் சோதித்துச் சான்று தரும் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' அமைப்பின் முத்திரை இருந்தால் பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். முத்திரையை அச்சடிப்பது சுலபம், பேட்ச் எண் பட்டியலில் இருக்க வேண்டும்.

கேள்வி: தள்ளுபடியில் மூன்று டப்பா எத்தில் எஸ்டர் வாங்கிவிட்டேன். இப்போதுதான் படித்தேன், அது சரியில்லையாமே? மூன்றையும் திறந்தும்விட்டேன்.

மூன்றையும் ஏன் திறந்தீர்கள்?

வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியதை வாங்கிய பிறகு படித்திருக்கிறீர்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் எத்தில் எஸ்டரை மோனோஹைட்ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தசையிலும் பலத்திலும் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ரத்தத்தில் கிரியேட்டினின்தான் ஏறியது. அதாவது தசைக்குப் போக வேண்டியது வழியிலேயே கழிவாகிவிடுகிறது. 'வாங்கிட்டோமே' என்று நானும் ஒரு டப்பாவைக் கடைசிவரை கசப்போடு குடித்துத் தீர்த்தவன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். போன காசு போனதுதான், திறந்த டப்பாவை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: பஃபர்டு, அதாவது காரம் சேர்த்த வகை, வயிற்று அமிலத்தில் அழியாதாமே?

மோனோஹைட்ரேட்டும் அங்கே சொல்லும்படியாக அழிவதில்லை. 2012-இல் இரண்டையும் 28 நாள் கொடுத்துச் சோதித்தார்கள், தசையில் சேர்ந்த அளவில் வித்தியாசம் இல்லை. விலையில் உண்டு.

கேள்வி: மிட்டாய் மாதிரி மென்று தின்னும் கிரியேட்டின் 'கம்மி' (gummy) வாங்கலாமா?

மிட்டாய் ஆசை என்றால் மிட்டாயே வாங்குங்கள். சோதனைக்குப் போன சில கம்மிகளில் லேபிளில் சொன்னதில் சொற்பமே இருந்திருக்கிறது.

கேள்வி: நான் சைவம். கிரியேட்டின் இறைச்சியிலிருந்து எடுப்பது என்கிறார்களே?

1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் அதை முதலில் பிரித்தெடுத்தது இறைச்சியிலிருந்துதான். பெயரும் இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று டப்பாவில் வரும் பொடி தொழிற்சாலையில் சார்கோசின் உப்பையும் சயனமைடையும் சேர்த்துச் செய்வது. பொடியாக வாங்குங்கள். கேப்சூல் என்றால் கூட்டைக் கவனியுங்கள், ஜெலட்டினாக இருக்கலாம்.

கேள்வி: முதல் வாரம் தினம் 20 கிராம் போட்டே ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

டப்பா சீக்கிரம் காலியானால் அவருக்கு நல்லது. 20 கிராமை நான்காகப் பிரித்து ஐந்தாறு நாள் போட்டால் தசை சீக்கிரம் நிரம்பும். தினம் 3 கிராம் போட்டால் அதே நிலைக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். போட்டி எதுவும் நெருங்கவில்லை என்றால் அவசரம் எதற்கு? ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடினால் அது தண்ணீர். தசை வளர்ந்துவிட்டது என்று சட்டையை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல். கிட்னி போச்சு என்று பயமுறுத்துகிறார் நண்பர்.

நண்பரை விடுங்கள், டாக்டரிடம் பேசுங்கள். கிரியேட்டின் எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கிட்னி நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறலாம். தேவைப்பட்டால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனை எழுதிக் கொடுப்பார், அதைக் கிரியேட்டின் குழப்பாது. ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவர் என்றால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை டப்பாவைத் தொடவே வேண்டாம். போகும்போது டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். அது மேட்ரிக்ஸ் டப்பா என்றால் பாவம், அந்த டாக்டருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.