உண்ணிச்செடி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, தோட்ட ஓரத்து உண்ணிச்செடி வெட்ட வெட்டத் துளிர்க்கிறதே?

தரைமட்டத்தில் வெட்டுவதால்தான் துளிர்க்கிறது. தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் அதன் உயிர். அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஆணிவேரை வெட்டுங்கள். பிறகு செடியைத் தூக்கித் தலைகீழாக வைத்துக் காயவிடுங்கள். காய் பிடிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். அடுத்த சில மழைக்காலங்களில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி, காலியான இடத்தில் நாட்டுப்புல் விதையுங்கள். சும்மா விட்டால் மறுபடி உண்ணிதான் வரும்.

கேள்வி: ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் எப்படி?

மஞ்சள் பூ புதிது, தேன் உள்ளது. மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகு நிறம் மாறும். வண்ணத்துப்பூச்சி மஞ்சளைத்தான் தேடிப்போகும்.

கேள்வி: மாடு இந்த இலையைத் தின்றுவிட்டது.

உடனே நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இலையில் உள்ள லான்டடீன் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பிறகு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். பதிலுக்காக இங்கே காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வெட்டிவிட்டால் போதுமா?

போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விதையில்லாத ரகம் என்று நர்சரியில் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். அப்படிச் சொல்லி விற்கும் சில ரகங்களிலும் மகரந்தம் வீரியத்தோடு இருக்கும், அது பக்கத்து உண்ணியில் விதை பிடிக்க வைக்கும். வெப்பமண்டல அமெரிக்காவின் இந்தச் செடியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததும் அழகுக்காகத்தான். இன்று முதுமலையில் மான் மேயும் புல்லை மூடி நிற்கிறது.

கேள்வி: கொளுத்தினால் என்ன? பழங்குடி மக்கள் காட்டுக்குத் தீ வைத்தவர்கள்தானே?

இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குத் தீ வைப்பார்கள். தீ தாழ்வாகவே ஓடி, சின்ன உண்ணிக்கன்றுகளைக் கருக்கிவிடும், பெரிய மரங்கள் தப்பும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த வழக்கம் நின்றது, அதனால்தான் உண்ணி பெருகியது என்கிறார்கள் அவர்கள். அந்தக் காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களின் சொல், நான் அதை முழுக்க மதிக்கிறேன். ஆனால் இப்போது நிற்பது கன்று அல்ல, ஆள் உயரப் புதர். அதில் தீ வைத்தால் மரத்தின் உச்சிக்கு ஏறும். மரம் சாகும், உண்ணி அடியிலிருந்து துளிர்க்கும். ஆகவே கொளுத்தாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தடை போட்டது தவறு என்கிறீர்களா?

சோளகர்களைக் கேட்காமல் போட்டது தவறு. முதலில் புதரை அகற்றிவிட்டு, அப்புறம் அவர்கள் சொல்லும் பருவத்தில், அவர்கள் கையாலேயே சின்னத் தீ வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: பறவைகள் பழம் தின்கின்றனவே, பாவமில்லையா?

தின்று விதையைப் பரப்புவதும் அவைதான். நாட்டு மரங்கள் வந்தால் அவற்றுக்கு இதைவிட நல்ல பழம் கிடைக்கும்.

கேள்வி: வேரோடு எடுக்காமல் மேலே மட்டும் வெட்டலாமா?

மூன்றாவது முறை: கூடாது.

கேள்வி: பார்த்தீனியத்துக்கு என்ன வழி?

அது என் துறை இல்லை. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.