ஊருக்குப் போனா கரன்ட் பில்லு எப்படி கட்டுறது?

கேள்வி: பேரன் பேத்தியோட காசிக்குப் போறோம், வர இருபது நாளாகும், அதுக்குள்ள ரீடிங் எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஸ்டேஷன் வைஃபைல பணம் கட்டலாமான்னு சொல்லுங்க.
- மன்னார்குடி வாசகி

பதில்: ஓசி வைஃபை எதுக்கும்மா, உங்க போன் டேட்டாவே போதும். கிளம்புறதுக்கு முன்னாடி ஈபி அட்டைல இருக்கிற இணைப்பு எண்ணை போட்டோ எடுத்து வச்சுக்குங்க, மின்வாரிய ஆப்லயோ ஜிபேலயோ அந்த நம்பரைப் போட்டு, வர்ற பேரு உங்க வீட்டு பேருதானான்னு பாத்துட்டு அப்புறம் கட்டுங்க. லாட்ஜ் கம்ப்யூட்டர்ல வேணவே வேணாம்.

இன்னொண்ணு, "பில் கட்டல, ராத்திரி 9.30க்கு கரன்ட் கட்"னு ஏமாத்துக்காரன்கிட்டேருந்து பொய் மெசேஜ் வரும். கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட்ல காபி குடிச்சிட்டு நின்னப்ப எனக்கே வந்துச்சு, ஒரு நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல இருக்கிற மாவு ஞாபகம் வந்து பதறிட்டேன், அப்புறம் பாத்தா யாரோ ஒருத்தரோட பத்து இலக்க செல் நம்பர்! அதுக்கு போன் போடாதீங்க, லிங்கைத் தொடாதீங்க, அவன் சொல்ற ஆப்பை ஏத்தாதீங்க, ஏத்துனா உங்க ஸ்கிரீனை அவன் அங்கேருந்தே பாப்பான். பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் தேவையே இல்ல, அனுப்பத்தான் வேணும். ஏமாந்துட்டா வெக்கப்படாம உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லிடுங்க.